சாப்பிட்ட பிறகு ஆகிரி

அன்றைக்கு ஏகாதசி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அந்த வயிற்றோடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு மூட்டை நாற்பத்திரண்டு லாரியில் ஏற்றியிருந்தேன். மூட்டை ஒன்று எண்பது கிலோ. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவிலை எடுத்து மடியில் வைத்தபோது வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. பசி ஒரு அளவைத் தாண்டினால் வயிற்றில் இருக்காது. காதுக்கு ஏறிவிடும், காது அடைக்கும். விரல் நுனி சில்லென்று போகும்.

திண்டிவனத்தில் மண்டி கிடங்குக்குப் பின்னால், ரயில் பாதைப் பக்கம் நாங்கள் சாதகம் பண்ணுகிற இடம். நாங்கள் என்றால் மூன்று பேர். நாயனம் முருகையன், என் தங்கை கிருஷ்ணவேணியின் புருஷன். தவில் நான், விருத்தாசலம். தாளத்துக்கும் சுருதிப்பெட்டிக்கும் என் சித்தப்பா மகன் பெரியதம்பி. முகூர்த்த மாதங்களில் மேளம், மற்ற நாட்களில் மண்டியில் மூட்டை. இரண்டும் தோள் வேலைதான்.

ஏகாதசி அன்றைக்கு மட்டும் எங்கள் செட்டில் ஒரே ஒரு கீர்த்தனையைத்தான் எடுப்போம். அது ஆகிரி ராகம். ஆகிரியைத் தொட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரு பேச்சு உண்டு. பெரிய வித்வான்களே கொஞ்சம் தொட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி பண்ணி வைத்திருந்தார்கள். ஏகாதசிக்கு எப்படியும் பட்டினி. அன்றைக்கு வாசித்தால் ஆகிரி எதைப் பிடுங்கிக்கொள்ளும்? அதனால் பாட்டு மறக்காமல் இருக்க ஏகாதசிக்கு ஒரு தரம், அதுவும் கிடங்குக்குப் பின்னால், யார் காதிலும் விழாமல்.

பாட்டைப் பண்ணியவர் காணையைச் சேர்ந்த மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த நாலு பிள்ளைகள் செத்ததால், இதையாவது எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்று வைத்த பேர். காலையில் சவரப்பெட்டி, சாயங்காலம் நாயனம். செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழு கீர்த்தனை பண்ணினார். ஆறை அங்கங்கே நாங்கள் வாசித்திருக்கிறோம். ஏழாவது இந்த ஆகிரி, திருவாமாத்தூர் சாமி மேல். ‘பசுவுக்கு இரங்கினாய், எனக்கிரங்காயோ’ என்று பல்லவி. மூன்று சரணம், முழுசாக வாசித்தால் இருபத்திரண்டு நிமிஷம். அந்த மனுஷர் செத்த பிறகு வெளி ஆள் ஒருத்தர் அதைக் கேட்டதில்லை.

மூன்றாவது சரணத்தில் ‘எத்தனை நாள் காத்திருந்தேன்’ என்கிற இடம் மேலே ஏறி, நின்று, வளைந்து வளைந்து கீழே வரும். ஒன்றரை ஆவர்த்தனம். பாதியில் நாயனம் நிற்கும். அந்த இடைவெளியில் தவில் ஒரு சொல்லு, சின்னதாக ஒரு அடிக்கோர்வை, வாசிக்கும். என் அப்பா வாசித்தது, அவர் அப்பா வாசித்தது. இருபத்திரண்டு நிமிஷத்தில் எனக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு முருகையன் நிற்கவில்லை. நான் சொல்லை ஆரம்பித்துவிட்டேன், அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். இரண்டும் முட்டிக்கொண்டன. பெரியதம்பி தாளத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இன்னா மாப்ள, என் எடத்த முழுங்கிட்ட?”

“நிக்கணும்னு தோணல மச்சான். மூச்சு இருந்திச்சி, போயிட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு ஏப்பம் விட்டான். பிரியாணி வாசனை.

“டேய், துன்னியா நீ?”

“மதியானம் லாரி டிரைவரு பாயி பொட்டலம் வாங்கியாந்தாரு. முட்டையக் கடிக்கும்போதுதான் ஏகாதசின்னு ஞாபகம் வந்திச்சி. அப்பறம் இன்னா பண்றது, மீதியக் கீழ கொட்டவா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தவில் குச்சியை அவன் மேல் வீசியிருப்பேன். நான் பட்டினி கிடந்து வாசிக்கிறேன், இவன் பிரியாணி தின்றுவிட்டு வந்து என் இடத்தையும் தின்கிறான். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. நாயனத்தின் வாயில் செருகுகிற சீவாளியை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் வாசித்தான். மறுபடியும் ஒரே மூச்சு. மூன்றாவது தரம் நாயனத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“மச்சான், நம்ம நிக்கிற எடம் எதுன்னு பாத்தியா? ‘காத்தி’ன்னு நிறுத்தறோம். நீ வாசிச்சி முடிச்சப்பறம் ‘ருந்தேன்’னு எடுக்கறேன். எவனாச்சும் பாட்டு கட்டறவன் வார்த்தைய நடுவுல வெட்டுவானா?”

“எங்கப்பா அப்பிடித்தான் வாசிச்சாரு.”

“உங்கப்பாவும் பட்டினி, எங்கப்பாவும் பட்டினி. பசியில பாதியில மூச்சு முட்டிச்சி. முட்டின எடத்துல தவிலு ஒரு ஒட்டு போட்டு மறைச்சிது. அது சொல்லு இல்ல மச்சான், ஒட்டு.”

“எங்கப்பன் வாசிச்சது ஒட்டா?”

“கோச்சிக்காத. எழுவது வருசமா பசிச்சவன் வாசிச்சி, பசிச்சவன் கேட்டு, இது ஒப்பாரிப் பாட்டுன்னு முடிவு பண்ணிக்கினோம். அந்தாளு இப்பிடிப் பண்ணல. தெம்பா நின்னு கேக்கறாரு.”

நான் தவிலை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசுக்குள் பாடிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அதிலிருந்து முருகையனுக்கு ஒரே பிடிவாதம். இந்தப் பாட்டைச் சாப்பிட்டவன் வாசிக்க வேண்டும், சாப்பிட்டவர்கள் கேட்க வேண்டும். ஒரு தரமாவது, முழுசாக. மயிலத்தில் ஒரு கல்யாணத்தில் கேட்டான். பெண்ணின் அப்பா, “எழுநூறு பேருக்கு எல போட்டுக்கீறேன், உனக்கு வேற பாட்டே கெடைக்கலியா?” என்று விரட்டினார். ஒரு கோயில் தர்மகர்த்தா, ஆகிரி என்ற சொல்லைக் கேட்டதும் பிரசாதத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். கண்ணால் பார்த்தேன்.

எண்பத்தாறாம் வருஷம் விழுப்புரம் ரயில்வே காலனி ஸ்ரீராமநவமிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். காலையில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்க நூற்றைம்பது ரூபாய். விழாக் கமிட்டி செயலாளர் சீனுவாசன், பார்சல் ஆபீஸ் கிளார்க். பாட்டு தெரிந்தவர். ரசீது எழுதும்போதே வாய்க்குள் ஸ்வரம் ஓடும். பத்து நாளைக்கு முன்னால் பாசஞ்சர் வண்டி பிடித்துப் போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றோம்.

“ஆகிரியா?” என்று பேனாவைக் கீழே வைத்தார். “தோடி வாசி. கரகரப்பிரியா வாசி. உலகத்துல வேற ராகமே இல்லையா முருகையா?”

“தோடிய எல்லாரும் வாசிக்கிறாங்க சார்.”

“நல்லா இருக்கு, வாசிக்கிறாங்க.”

“இதுவும் நல்லா இருக்குது சார். ஒருத்தரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்.”

“யார் சாகித்யம்?”

“காணை மண்ணாங்கட்டி.”

பக்கத்து மேஜைக்காரர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தவர் துப்பிவிட்டார். மீன் கூடைக்கு ரசீது போட வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சீனுவாசனும் மீசைக்குள் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் முருகையன் நின்றான். அவனுக்கு அது பழக்கம்.

“முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடறோம்ப்பா. சாம்பார் அடிப்பிடிச்சாக்கூட உன் ஆகிரியாலன்னுவாங்க. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா கமிட்டில பதினெட்டுப் பேரு இருக்கான்.”

“அப்ப சாப்பாட்டுக்கு அப்பறம் வாசிக்கிறேன் சார். எல்லாரும் துன்னுட்டா அது எதப் புடுங்கும்?”

சீனுவாசன் ரசீதுப் புத்தகத்தை மூடினார். அவருக்கும் ஆசை. அந்த ராகத்தை முழுசாக அவரும் கேட்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“சாயந்திரம் அஞ்சுக்கு மெட்ராஸ் கச்சேரி. நாலு மணிக்கு மைக்செட்காரன் வந்துடுவான். அதுக்குள்ள முடிக்கணும். தனியா காசு கிடையாது. இன்னொண்ணு, கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவணும். அதுக்கு முன்னால உன் குழல்லேர்ந்து ஒரு ஸ்வரம் வந்துது, அன்னிக்கு எவனுக்காவது சோறு இல்லாம போச்சு, அவ்வளவுதான். சிதம்பரம் வரைக்கும் சொல்லிட்டுப் போவாங்க. அப்புறம் உன் ஆயுசுக்கும் அதை எவனும் வாசிக்க விட மாட்டான். யோசிச்சுக்கோ.”

“யோசிச்சிட்டேன் சார்.”

வெளியே வந்ததும் நான் சொன்னேன், “காசு கெடையாதாம். வெயில்ல ரெண்டரை மணிக்கு. எல்லாம் துன்னுட்டுக் குறட்டை உடும்.”

“குறட்டை உடட்டும். துன்னவன்தான உடுவான்?”

ஸ்ரீராமநவமி அன்று காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. காலனித் தெரு முழுக்கச் சுற்றி வந்தோம். தோடி, கரகரப்பிரியா எல்லாம் ஆயிற்று. பதினொன்றரைக்கு முதல் பந்தி. எங்களை இரண்டாவது பந்தியில் உட்கார வைத்தார்கள். முருகையன் மூன்று தரம் சோறு வாங்கினான். பக்கத்தில் உட்கார்ந்தவர், “நாயனத்துக்குக் காத்து வேணுமா, சோறு வேணுமா?” என்று கேட்டார். “சோறு போட்டாத்தான் காத்து வரும்” என்றான் இவன்.

முந்நூறு பேர் என்றார்கள். பண்ருட்டி பாசஞ்சரிலும் காட்பாடி பாசஞ்சரிலும் வந்து இறங்கியவர்கள், ஸ்டேஷனில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் என்று நானூற்றைம்பதுக்குப் போய்விட்டது. இரண்டே காலுக்குக் கடைசிப் பந்தி எழுந்தது. முருகையன் சீவாளியை எடுத்தான். நான் விரலுக்குக் கூடு மாட்டினேன்.

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். வீரம்மாள். பாத்திரம் கழுவுகிற, காய் நறுக்குகிற, மாவு அரைக்கிற பதினோரு பேருக்கு அவள்தான் தலை. விடியற்காலை மூன்று மணிக்கு வந்தவர்கள். கை முட்டி வரை சாம்பலும் புளியும்.

“யோவ், எடுத்து வை அத.”

“இன்னாம்மா?”

“நாங்க இன்னும் சாப்டல. பதினோரு பேரு. உங்காளு எல்லாத்தையும் சொல்லிட்டாரு” என்று என்னைக் காட்டினாள். காலையில் டீ குடிக்கும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லித் தொலைத்திருந்தேன். “எங்க வயித்துல ஒண்ணும் இல்லாத நேரத்துல அந்த ராகத்த எடுத்த, கொழலப் புடுங்கி அடுப்புல சொருகிடுவேன்.”

“எடுக்க மாட்டேம்மா. போய் சாப்டுங்க. காத்திருக்கறோம்.”

“இருந்தாத்தான சாப்டறதுக்கு?”

போய்ப் பார்த்தோம். சோற்று அண்டா வழித்துக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. ரசம் அரை வாளி. உடைந்த அப்பளம் ஒரு கூடையில். சமையல் மாஸ்டர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அரிசி ஸ்டோர் ரூம் சாவி கமிட்டித் தலைவரிடம், அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

சீனுவாசன் கையைப் பிசைந்தார். “கணக்கு தப்பிப் போச்சு. சாயந்திரம் சுண்டல் வரும், அதுல நிறைய குடுக்கச் சொல்றேன்” என்றவர், முருகையனைத் தனியாக இழுத்தார். “நீ ஆரம்பி. நேரம் ஆகுது. சமையக்கட்டு ஆளுங்க தானே, அவங்க கேக்கவா வந்திருக்காங்க?”

“கடைசி ஆளு கை கழுவணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க.”

“நான் பந்தில உக்காந்தவங்களச் சொன்னேன்.”

“இவங்கதான் சார் கடைசி ஆளு. இப்ப வாசிச்சா, ஆகிரி வாசிச்சான், பதினோரு பொம்பளைங்க பட்டினி கெடந்தாங்கன்னு ஆயிடும். சோறு முன்னாடியே தீந்துபோச்சின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்.”

அது நூற்றுக்கு நூறு நிஜம். சோற்றை எண்ணத் தெரியாதவன் தப்பிவிடுவான். பாட்டு மாட்டிக்கொள்ளும்.

“அதுக்கு நான் என்னப்பா பண்ண?”

“ஒண்ணும் பண்ண வேணாம். மைக்செட்காரன மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைங்க.”

மணி இரண்டரை. முருகையன் சட்டைப் பையில் ஆறு ரூபாய் இருந்தது. என்னிடம் மூன்று. குட்ஸ் ஷெட்டுக்கு எதிரில் லோடு ஆட்கள் சாப்பிடுகிற மெஸ் ஒன்று, சவுரிராயன் என்பவருடையது. சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு ராமநவமி கிடையாது, கடை திறந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பதினோரு சாப்பாடு வேணும். ஜல்தி.”

“சாப்பாடு நாலு ரூபா. காசு?”

“காலைல வாசிச்ச காசு சாயந்தரம் வரும். வந்ததும் குடுத்திடறேன்.”

“வராம போச்சின்னா?”

“திண்டிவனம் மண்டில மூட்டை தூக்கறேன். வந்து கேளுங்க. ஓடிப்போற அளவுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

சவுரிராயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் மூட்டை தேய்த்த காய்ப்பு சட்டை ஓரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். “காய் கொழம்பு ஆயிப்போச்சி. மரக்காணத்து மத்தி போட்ட மீன் கொழம்புதான் கீது. இன்னிக்கி உங்க ஆளுங்களுக்கு ஆவுமா?”

முருகையன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“ஆவும்ணே. பன்னெண்டாப் போடுங்க. சாப்ட்டு மூணு மணி நேரம் ஆயிடிச்சி, எனக்கும் எறங்கிப்போச்சி.”

பந்தலுக்குள் கொண்டுபோக முடியாது. குட்ஸ் ஷெட் ஓரம் வாகை மரத்தடியில் பெண்களை வரச் சொன்னோம். பொட்டலம் பிரித்த வாசனையிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

“ராமருக்குத் தெரிஞ்சா?” என்றாள் ஒருத்தி.

“ராமரு எங்களுக்கு இல்லன்னு கைய விரிச்சிட்டாரு. மீனு, நான் கீறேன்னு வந்திச்சி. பேசாம துன்னு” என்றாள் வீரம்மாள்.

பாதியில் சீனுவாசன் வந்து நின்றார். மூக்கைப் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

“அட பாவி. நவமி அன்னிக்கு மீனா? தலைவர் காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?”

“சார்,” என்றாள் வீரம்மாள், வாயில் சோற்றோடு, “பன்னெண்டு மணி நேரம் உங்க அண்டாவைத் தேச்சிக்கீறோம். அவரு காதுக்குப் போவறது எங்க வயித்துக்குப் போனப்பறம் போவட்டும்.”

“பந்தல்ல இனிமே வாசிக்க வேணாம் முருகையா. என்னால முடியாது. கோச்சுக்காத” என்றார் சீனுவாசன்.

“பந்தல் வேணாம் சார். இங்கியே வாசிக்கிறேன்.”

“இங்கயா? யாருக்கு?”

“துன்னவங்களுக்கு.”

அவன் பன்னிரண்டாவது பொட்டலத்தை அவசரமில்லாமல் சாப்பிட்டான். மணி மூன்று. அப்புறம் குழாயடிக்குப் போய் நின்றுகொண்டு ஒவ்வொருத்தியாகக் கை கழுவுவதை எண்ணினான். ஒன்பது, பத்து. பதினோராவது ஒரு கிழவி, முள்ளைச் சப்பிக்கொண்டு நகரவே இல்லை. “ஆத்தா, முடிச்சிட்டியா?” “இருடா, தலையில கறி கீது” என்றாள். தலையை முடிக்கிற வரைக்கும் நின்றான். அவள் கை கழுவி, வாய் கொப்பளித்து, முந்தானையில் துடைத்த பிறகுதான் சீவாளியை வாயில் வைத்தான்.

மரத்தடியில் பெண்கள் பதினோரு பேர். சரக்கு வண்டிக்குக் காத்திருந்த லோடு ஆட்கள் ஏழெட்டுப் பேர், அவர்களும் சாப்பிட்டவர்கள்தான், விசாரித்துவிட்டோம். கடை வாசலில் சவுரிராயன். பத்தடி தள்ளி, கிளம்பவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சீனுவாசன்.

“காணை மண்ணாங்கட்டி பண்ண கீர்த்தனை. ஆகிரி ராகம்” என்று முருகையன் வாயால் சொன்னான். இரண்டு லோடு ஆட்கள் சிரித்தார்கள். அவன் சீவாளியைச் சரிபண்ணினான். சிரிப்பு நின்றதும் எடுத்தான்.

ஆகிரியைப் பற்றி நான் என்ன எழுத? அடுத்த ஸ்வரம் எங்கே போகும் என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. இறங்கும் என்று நினைத்தால் நிற்கும். நிற்கும் என்று நினைத்தால் ஒரு அடி பின்னால் போய்த் திரும்பி வரும். அதை இத்தனை வருஷம் தள்ளாட்டம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது எடை போட்டு எடுத்து வைக்கிற அடி. முதுகில் மூட்டையோடு பலகை ஏறுகிறவன் அப்படித்தான் கால் வைப்பான். வழுக்காது. நான் தவிலைத் தணித்து வாசித்தேன். வயிறு நிறைந்திருந்ததால் கட்டை வயிற்றில் ஒட்டி உட்கார்ந்தது.

பல்லவி, அனுபல்லவி. முதல் சரணத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேசினாள். வீரம்மாள் அவள் தொடையில் தட்டினாள். இரண்டாவது சரணத்தில் பேச்சே இல்லை. ஸ்டேஷனில் ஒரு எஞ்சின் கூவியது. முருகையன் அது முடிகிற வரைக்கும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மேலே போனான்.

மூன்றாவது சரணம். ‘எத்தனை நாள்’ என்று மேலே ஏறினான். என் விரல் தானாகச் சுருங்கியது. முப்பது வருஷப் பழக்கம், அந்த இடம் வந்தால் கை துடிக்கும். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் ஓரம் சிவந்திருந்தது. காலை ஆறு மணியிலிருந்து வாசிக்கிற ஆள். மூச்சு முட்டினால் நான் அந்தச் சொல்லைப் போட்டுக் காப்பாற்றிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. என் அப்பா போட்டது, அவர் அப்பா போட்டது. போட்டால் பாட்டு பழையபடி நொண்டும்.

குச்சியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டேன். முருகையன் அதை ஓரக்கண்ணால் பார்த்தான். இனி விழுந்தால் தாங்க ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

‘காத்தி’ வந்தது. நிற்கவில்லை. ‘ருந்’ என்று வளைந்தது, இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒன்று, பெரியதம்பியின் தாளம் மட்டும் டிங் டிங் என்று போய்க்கொண்டிருக்க, ‘தேன்’ என்று கீழே வந்து, எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்தது. நான் தவிலில் கை வைத்தேன். எனக்குப் போன இடம் போனதுதான். ஆனால் அந்தப் பாட்டு முழுசாக எப்படி இருக்கும் என்று முதல் முதலாகக் கேட்டவன் நான்.

முடிந்ததும் கைதட்டல் எல்லாம் இல்லை. அவர்களுக்கு அது பழக்கம் கிடையாது. வீரம்மாள் எழுந்து புடவையை உதறினாள்.

“இதுக்கா பயந்துக்கினு கெடந்தீங்க? அழுவுற பாட்டுன்ன. இது அழல. கூலி கேக்கற மாதிரி கீது.”

“ஆமாம்மா. கேக்கற பாட்டுதான்.”

“அந்த நீட்டு வந்திச்சே கடைசியில, அத இன்னொரு தபா ஊது. அண்டா கழுவப் போறோம்.”

ஊதினான். இரண்டாவது தரமும் நிற்காமல் போனது.

சீனுவாசன் கிட்டத்தில் வந்தார். “மூணாவது சரணத்துல மூச்சு எங்க வாங்கின?”

“வாங்கல சார்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பார்சல் ரசீதை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பல்லவியைச் சொல்லச் சொன்னார். எழுதினார். கீழே பேரைக் கேட்டார். காணை மண்ணாங்கட்டி என்று முழுசாக எழுதினார். “மேடையில சொன்னா சிரிப்பாங்கடா” என்றார்.

“சிரிச்சி முடிக்கட்டும் சார். அது வரைக்கும் நான் சீவாளிய ஈரம் பண்ணிக்கினு இருப்பேன்.”

சாயந்தரம் காசு வாங்கப் போனபோது தலைவர் மீன் விஷயத்துக்காக ஐம்பதைப் பிடித்துக்கொண்டார். சீனுவாசன் மிச்சம் நூறைக் கொடுத்தபோது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு முப்பத்து மூன்று. முருகையன் தன் பங்கில் இருபத்து நாலை எண்ணி எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனான். என் பங்கிலிருந்து தருகிறேன் என்றேன். “வாசிக்கணும்னு நின்னவன் நான். நீ இல்ல” என்றான்.

சவுரிராயன் இருபத்து நாலை வாங்கிக் கல்லாவில் போட்டார். “மீதி இருபத்து நாலு கெடக்கட்டும். வைகாசியில என் பொண்ணுக்கு நிச்சயம். விருந்து முடிஞ்சதும் அதே பாட்ட வந்து வாசிச்சிடு. சரிக்கு சரியாப் போச்சி” என்றார்.

நல்ல ஏற்பாடு. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

“வாசிக்கிறேண்ணே. பொண்ணு நிச்சயத்துக்கு இன்னா கூலியோ அதக் குடுங்க. சோத்துக் கடனுக்கு அந்தப் பாட்ட வாசிக்க மாட்டேன். வாசிச்சா, ஆகிரி சோத்த எடுத்திச்சின்னு மறுபடியும் ஆயிடும். கடன் கடனாவே இருக்கட்டும். காசாக் குடுத்திடறேன்.”

“பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ” என்றார் சவுரிராயன். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பணமாகப் பத்து ரூபாய் நீட்டினார். முருகையன் அதை வாங்கி இன்னொரு பையில் போட்டுக்கொண்டான், சோற்றுக் கடன் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வைகாசியில் வாசித்தோம், விருந்துக்குப் பிறகு, இருநூறு பேருக்கு. ஆவணியில் சீனுவாசன் சொல்லித் திருவாமாத்தூரில் ஒரு வீட்டில் வாசித்தோம். மண்டியில் மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. வந்த காசு அரிசிக்கும் சீவாளிக்கும் சரியாகப் போனது. சவுரிராயன் மெஸ்ஸில் வாங்கிய பன்னிரண்டு மீன் சாப்பாட்டில் ஆறுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். மீதி ஆறுக்கு இருபத்து நாலு ரூபாய் இன்னும் தர வேண்டும்.